இடது முழி

பாரிவாக்கத்து வேம்புலியம்மாளின் கை சும்மா இருந்து பார்த்தவர் யாரும் கிடையாது. உட்கார்ந்தால் அந்தக் கை தரையில் கோடு கிழிக்கும். நின்றால் முந்தானை நூலைப் பிரித்து முடிச்சுப் போடும். ஊர்ப் பெண்கள் சுவரில் வறட்டி தட்டினால் அது வட்டமாக, ஐந்து விரலும் பதிந்து, வறட்டியாக இருக்கும். இவள் தட்டினால் நண்டாக இருக்கும். ஒரு நாள் நண்டு, ஒரு நாள் தவளை, மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தால் ஒரு குடை. காய்ந்ததும் பிய்த்து அடுப்பில் சொருகிவிடுவாள். அதற்காக ஒரு பெருமூச்சுகூட விடமாட்டாள். நாளைக்கு என்ன தட்டலாம் என்று அதற்குள் யோசனை ஓடியிருக்கும்.

புருஷன் துலுக்கானம் பூந்தமல்லிச் சந்தைக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறவன். நல்ல மனிதன்தான், ஆனால் எதற்கும் அவனுக்கு ஒரு காரணம் வேண்டும்.

“எரிக்கப் போற சாணிக்கு இன்னாத்துக்குமே கண்ணும் காலும்?” என்பான்.

“எரியற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டுமே. உனுக்கு இன்னாய்யா வலிக்குது?” என்பாள்.

இதைப் பெரிய வரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளுக்கு அது ஒரு அரிப்பு. ஒரே காரியத்தை ஒரே மாதிரி இரண்டு தடவை செய்யச் சொன்னால் போதும், காது மடல் சுடும், மூச்சு முட்டும், எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருக்கும். அதனால் அவள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. ஒரு வருஷம் பண்ணை வயலில் நடவு நட்டபோது, யாரும் கவனிக்காத நேரம் பார்த்து, சில இடத்தில் நாற்றை நெருக்கியும் சில இடத்தில் எட்ட எட்டவும் நட்டு வைத்தாள். பயிர் பச்சை கட்டியதும் ஏரிக்கரை மேல் நின்று பார்த்தால் வயலுக்கு நடுவே ஒரு கெண்டை மீன் கிடந்தது. செதில்கூடத் தெரிந்தது என்பார்கள். ஊரே கரையில் ஏறி நின்று பார்த்தது. பண்ணைக்காரரும் பார்த்தார். அடுத்த வருஷம் நடவுக்கு அவளைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருஷமும் கூப்பிடவில்லை.

“மீனு நல்லாத்தான் இருந்திச்சு,” என்று வேம்புலியம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “வாலைத்தான் இன்னும் ரவ திருப்பி வெச்சிருக்கணும்.” பிழைப்புப் போனதைவிட அந்த வால்தான் அவளை அதிக நாள் படுத்தியது.

இப்படி வேலையில்லாமல் இருந்தபோதுதான் உலகச் சண்டை நம் பக்கமும் எட்டிப் பார்த்தது. ஆவடியில் வேலி போட்டுப் பட்டாளத்துக் கிடங்கு ஒன்று எழுந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, மாசி முடிகிற சமயம். கிடங்கு வேலைக்குப் பெண்ணாட்கள் வேண்டும் என்று ஊர் ஊராகச் சேதி வந்தது. ஒரே மகளைத் திருமுல்லைவாயிலில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் வேம்புலியம்மாளைப் பிடித்து வைக்க எதுவுமில்லை. பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தோடு பருத்திப்பட்டு ஏரிக்கரை வழியாக நடந்து போய்ச் சேர்ந்துகொண்டாள். பூங்காவனத்துக்கு மூன்று பிள்ளைகள். புருஷன் ரங்கூனுக்குப் போனவன். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த நாள் முதல் அவனைப் பற்றிச் சேதியே இல்லை. இந்தக் கூலியை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

வேலை லேசான வேலைதான். சாக்கை நாடா நாடாவாகக் கிழித்து, பச்சை, மண்ணிறம், கறுப்பு என்று சாயம் தோய்த்துக் கூடைகளில் வைத்திருப்பார்கள். மூங்கில் சட்டத்தில் பெரிய கயிற்று வலை ஒன்று தொங்கும். இந்தப் பக்கம் ஆறு பெண்கள், அந்தப் பக்கம் ஆறு பெண்கள் நின்றுகொண்டு நாடாவை வலைக்கண்ணில் நுழைத்து வாங்கிப் பின்ன வேண்டும். பின்னி முடித்த மட்டும் ஒரு ஓரமாகச் சுருட்டிக்கொண்டே போவார்கள். காகிதத்தில் அதற்கு ஏதோ பெரிய பெயர் எழுதியிருந்தது. பெண்கள் வாயில் அது கந்தல் வலை.

எங்கே பச்சை, எங்கே கறுப்பு, எத்தனை கண்ணுக்கு எத்தனை நாடா என்று காட்டும் நக்‌ஷா ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. அந்த நக்‌ஷாவுக்குக் காவல் மேஸ்திரி கோதண்டம். பூந்தமல்லிக்காரர். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் ஒரு ஊதல். கிடங்குத் துரை பேசும் இங்கிலீஷில் பாதி அவருக்குப் புரியும். புரியாத பாதியைத் தம் சொந்தச் சரக்கால் நிரப்பிவிடுவார். அந்தக் கிடங்கில் நடந்த கூத்துக்கெல்லாம் அந்தச் சொந்தச் சரக்குதான் காரணம்.

முதல் மாதம் இருபது வலை. இருபதும் ஒன்றே. அதே இடத்தில் அதே பச்சை, அதே மூலையில் அதே கறுப்பு. பத்தாவது வலையிலேயே வேம்புலியம்மாளுக்குக் காது சுட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் கயிற்றுக் கட்டிலை அவிழ்த்துப் போட்டுப் பின்னினாள். மூன்று நாளில் மூன்று விதமான பின்னல். துலுக்கானம் எந்தப் பக்கம் தலை வைப்பது என்று தெரியாமல் தரையில் பாய் விரித்துக்கொண்டான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் நக்‌ஷா வந்து நின்றது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

“மேஸ்திரி, இந்தக் கந்தலு இன்னாத்துக்கு?”

“சொன்னா உனுக்குப் புரியாதும்மே. கைய ஓட்டு.”

“புரியற மாதிரி சொல்லுங்கோ.”

கோதண்டம் விரலை ஆகாசத்தைப் பார்த்து நீட்டினார். “மேல ஏரோப்ளேன்ல ஜப்பான்காரன் வருவான். கீழ நம்ம கிடங்குல எவ்ளோ லாரி கீது, எவ்ளோ சாமான் கீது? அதும் மேல அவன் கண்ணு படக்கூடாது. அதுக்குத்தான் இத்தப் போத்தி மூடறது.”

“கண்ணு படாம கீறதுக்கா?”

“ஆமாம்மே. கண்ணு படாம கீறதுக்குத்தான்.”

வேம்புலியம்மாள் கையிலிருந்த நாடாவைக் கூடையில் போட்டாள். “அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

கண் படாமல் இருக்க என்ன செய்வது என்று பாரிவாக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? புது வீட்டுக்குப் பூசணிக்காயில் பூதம் எழுதிக் கட்டுவார்கள். குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பார்கள். காய்த்துத் தொங்கும் தோட்டத்தில் கரிச்சட்டியைக் கவிழ்த்துச் சுண்ணாம்புப் புள்ளி குத்துவார்கள். ஜப்பான்காரன் என்றால் மட்டும் என்ன, அவன் கண்ணும் கண்தானே! இத்தனை லாரியும் சாமானும் குவிந்து கிடக்கிற இடத்தில் வெறும் பச்சையும் பழுப்புமாகக் கந்தலைப் போர்த்தினால் திருஷ்டி எப்படிக் கழியும்?

இடைவேளையில் கஞ்சி குடிக்கும்போது பெண்களிடம் சொன்னாள். ஒருத்திகூட இல்லையென்று தலையாட்டவில்லை. இத்தனை நாள் அது தங்களுக்குத் தோன்றவில்லையே என்றுதான் வெட்கப்பட்டார்கள். பூங்காவனம் மட்டும் கொஞ்சம் இழுத்தாள்.

“நக்‌ஷாவுல அப்டி இல்லியேடி?”

“அத்த எழுதுனவனுக்குத் திஷ்டியப் பத்தி இன்னா தெரியும்? அவன் ஊர்ல பூசணிக்கா காய்க்குமோ இன்னாவோ.”

அடுத்த வலை இருபத்தொன்றாவது வலை. முப்பது முழ நீளம், முப்பது முழ அகலம். இதுவரை பின்னியதெல்லாம் கூடாரங்களுக்குப் போயிற்று; இது லாரி நிறுத்தும் பெரிய கொட்டகைக்கு மேலே போர்த்த வேண்டியது. அதில்தான் பூதத்தை இறக்கினாள். காதுக்கு இத்தனை கண், மூக்குக்கு இத்தனை கண், பல்லுக்கு இத்தனை கண் என்று மனசுக்குள் எண்ணி எண்ணி, யார் யார் எங்கே என்ன நிற நாடா பின்ன வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சாயம் போடாத வெளுத்த சாக்கு முழிக்கும் பல்லுக்கும் ஆயிற்று. கறுப்பு, கருமணிக்கு. நாக்குக்குத்தான் சிவப்பு இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பூங்காவனமே தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து எடுத்து வந்தாள்.

வலையைப் பக்கவாட்டில் சுருட்டிக்கொண்டு போனதால் பூதமும் பக்கவாட்டில்தான் வளர்ந்தது. முதலில் ஒரு காது, பிறகு ஒரு முழி, மூக்கு, அப்புறம் அடுத்த முழி. இரண்டாவது முழி பின்னும்போது முதல் முழி சுருட்டுக்குள் போய்விட்டிருந்தது. இரண்டும் ஒரே அளவுதானா என்று பார்க்க வழியில்லை. வேம்புலியம்மாளுக்கு அந்த ஒரு விசாரம்தான். மற்றபடி அந்த எட்டு நாளும் அவள் சந்தோஷமாக இருந்தாள். சோறு இறங்கியது. கட்டிலை ஒரே பின்னலில் விட்டு வைத்தாள். கிடங்குக்குப் போகும் வழியில் மற்றவர்களை முந்திக்கொண்டு நடந்தாள். பன்னிரண்டு பெண்களும் சட்டத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சிரிப்பதைக் கேட்டுக் கோதண்டம் இரண்டு தடவை ஊதலை ஊதினார். கிட்டே வந்து பார்த்தால் ஒரு முழ அகலத்துக்குக் கந்தல் தெரிந்தது. சரி என்று போய்விட்டார்.

வலையை விரித்த அன்று துரை வழக்கம்போல், மேலேயிருந்து வலை எப்படித் தெரிகிறது என்று பார்க்க, கிடங்குத் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் மேலே ஏறினார். ஏறினவர் ஏறின வேகத்திலேயே இறங்கி வந்தார். முகம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. கொட்டகையின் கூரையில் முப்பது முழத்துக்கு ஒரு பூதம் மல்லாந்து படுத்துப் பல்லைக் காட்டி, நாக்கைத் துருத்தி, அவரையே முறைத்திருக்கிறது. எதிரிக்கு அடையாளம் காட்டத்தான் யாரோ சொல்லிக்கொடுத்துச் செய்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. பன்னிரண்டு பேரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள்.

“எவம்மே செஞ்சது? யாரு சொல்லிக் குடுத்தது?” என்று கோதண்டம் கத்தினார்.

வேம்புலியம்மாள் முன்னால் வந்தாள். “நான்தான். இவுங்கோ மேல ஒரு தப்பும் இல்ல. கண்ணு படக்கூடாதுன்னு நீங்கதானே மேஸ்திரி சொன்னீங்கோ? அதான் திஷ்டிக்குப் பூதம் போட்டோம்.”

இதைத் துரைக்கு எப்படிச் சொல்வது? கோதண்டம் விழுங்கி விழுங்கி ஏதோ சொன்னார். பூசணிக்காய் என்பதைக் கைகளால் உருட்டிக் காட்டினார். துரை நம்பினாரோ இல்லையோ, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சும்மா நின்றார். அந்தச் சும்மா நின்ற நேரத்தில்தான் வேம்புலியம்மாளுக்கு வாய் நிற்கவில்லை. பிழைப்புப் போகிற வேளையில் ஒருத்தி கேட்கிற கேள்வியா அது?

“மேஸ்திரி, முழி ரெண்டும் ஒரே அளவா வந்திச்சான்னு அவர ஒரு வார்த்த கேளுங்கோ.”

“வாய மூடும்மே!”

என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். மன்னிப்புக் கேட்கிறாள் என்று கோதண்டம் சொல்லிவிட்டார்.

மறுவாரம் புது லாரிகள் வந்து இறங்கவிருந்தன. போர்த்த வலை இல்லை, பின்னத் தெரிந்த வேறு கைகளும் இல்லை. அதனால் துரை ஒரு வாரம் கெடு வைத்தார். அதை இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பூதத்தைப் பிரித்துவிட்டு நக்‌ஷாப்படி புதிதாகப் பின்ன வேண்டும். வருகிற திங்கட்கிழமை அவர் மேலே ஏறிப் பார்ப்பார். வலை இருக்கிறதே தெரியக்கூடாது, வெறும் தரைதான் தெரிய வேண்டும். வலை தெரிந்தால் பன்னிரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்தத் தடவை கோதண்டம் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காமல் அப்படியே தமிழில் சொன்னார்.

பூதத்தைப் பிரித்தபோது வேம்புலியம்மாளுக்கு, வறட்டி எரிவதைப் பார்த்து வராத துக்கம் வந்தது. வறட்டியை அவள் முழுசாகப் பார்த்திருக்கிறாள். இதை அவள் முழுசாகப் பார்க்கவே இல்லை. சுருட்டி வந்து கூரையில் விரித்துவிட்டார்கள், கூரையிலிருந்து அப்படியே சுருட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். கோபுரத்தின் மேலே பெண்ணாட்களை ஏற விடமாட்டார்கள். அவள் செய்ததிலேயே பெரியதை உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பார்த்தார், அவரும் கோபமாய்ப் பார்த்தார்.

இரண்டு நாள் நக்‌ஷாப்படி பின்னினார்கள். யாரும் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ஏரிக்கரையில் வரும்போது வேம்புலியம்மாள் நின்றுவிட்டாள். சித்திரை வெயிலில் ஏரி வற்றி ஓரத்து மண் வெடித்திருந்தது. ஆடுகள் நடந்து நடந்து வெளுத்த ஒற்றையடிப் பாதை, குப்பை எரித்த கருகல், வண்டி திரும்பின தடம், கருவேல மரத்தடியில் சிந்தின நிழல். ஒன்றும் இன்னொன்றைப் போல இல்லை. சுவரில் மாட்டிய நக்‌ஷாவிலோ எல்லாத் திட்டும் தட்டை வைத்து வரைந்ததுபோல் ஒரே அளவு.

“பூங்காவனம், அத்த எழுதுனவன் ஊர்ல ஆடே மேயாது போல கீதே,” என்றாள். “அவ்ளோ பச்சைக்குச் சித்திர மாசத்துல ஆவடிக்கு எங்கடி போறது?”

பூங்காவனம் திரும்பிப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. “மீனப் போட்டு நடவு போச்சு. பூதத்தப் போட்டு இதுவும் போவப் பாத்துது. எம் புள்ளைங்க மூணும் ஒன் கையப் பாத்துகினு கீதுங்கடி. ஒரு வாரம் அந்தக் கைய அடக்கிகினு இரேன்!”

அவள் சொன்னதில் என்ன பிசகு? ஒன்றுமில்லை. வேம்புலியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு போய்ச் சட்டத்தின் முன் நின்றாள். பச்சை நாடாவை எடுத்தாள். நுழைத்தாள், வாங்கினாள். அடுத்த நாடா கையிலிருந்து நழுவியது. எடுத்தாள், மறுபடி நழுவியது. கடைசியில் கூடையைத் தள்ளிவிட்டு எல்லோரையும் பார்த்துத் திரும்பினாள்.

“நக்‌ஷாப்படி செஞ்சா மேல கீற துரைக்கு இது தெரியும். சுத்தி மண்ணு செவந்து கெடக்கு, நடுவுல இது மட்டும் பச்சையா கெடந்தா தெரியாம இன்னா? தெரிஞ்சா பன்னெண்டு பேரும் ஊட்டுக்குத்தான். என் அரிப்புக்கோசரம் சொல்லல.” கொஞ்சம் நிறுத்தினாள். பொய் சொல்ல வரவில்லை. “சரி, அரிப்புக்கோசரமும்தான் சொல்றேன்.”

பூங்காவனம் மூக்கை உறிஞ்சிவிட்டு, சாயம் போடாத சாக்குக் கூடைக்குள் கையை விட்டாள்.

“ஆட்டுப் பாதை எந்தப் பக்கம்டி போவுது?” என்றாள்.

இரண்டு நாள் பின்னியதை அரை நாளில் அவிழ்த்தார்கள். கோதண்டம் பூதத்துக்குப் பயந்து அந்த வாரம் முழுக்க வலைப் பக்கம் தலைகாட்டவில்லை. நாளைக்கு விசாரணை வந்தால் நான் பார்க்கவில்லை என்று சொல்லலாமே! பச்சை நாடாக்களைச் செம்மண் கரைசலில் தோய்த்துக் காய வைத்தார்கள். சாம்பல் நீரில் சிலது, களிமண்ணில் சிலது. ஆட்டுப் பாதை ஒரு மூலையில் தொடங்கி, நேராகப் போகாமல், முள்ளைச் சுற்றிக்கொண்டு போயிற்று. வண்டித்தடம் கொட்டகைக்கு வெளியே நிஜமாய் எங்கே முடிகிறதோ அங்கேயே வலைக்குள் நுழைந்தது. ஒருத்தி, தன் தெருவில் மாடு படுத்த இடம் இப்படித்தான் தேய்ந்திருக்கும் என்று பின்னினாள். இன்னொருத்தி குப்பை மேட்டைப் பின்னிவிட்டு நாற்றம் வருகிறதா என்று கேட்டாள். நேற்றுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், அவரவர் வேலையில் ஒருவரையொருவர் குறை சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். பூங்காவனம் தன் ஒற்றையடிப் பாதையை யாரையும் தொட விடவில்லை.

திங்கட்கிழமை கொட்டகைமேல் வலையை விரித்து, கயிறு கட்டி, பெண்களை ஒரு ஓரமாக நிறுத்தினார்கள். துரை கோபுரத்தில் ஏறினார். பார்த்தார். இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். பூங்காவனம் வேம்புலியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்; வளையல் நெரிந்தது. மேலேயிருந்து துரையின் குரல் எரிச்சலாகக் கேட்டது. கோதண்டம் முகத்தை நிமிர்த்திப் பதில் சொன்னார். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில்.

“இன்னா சொல்றாரு?” என்றாள் பூங்காவனம்.

கோதண்டத்துக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று தெரியவில்லை. “ஏன் இன்னும் வலைய விரிக்கலன்னு கேக்கறாரு.”

கெட்டிக்கார வேலைக்கு என்ன பரிசு கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? இதே மாதிரி இன்னும் நாற்பது வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒரு இழை மாறக்கூடாது. ஒரு குமாஸ்தா வந்து அந்த வலையைக் கண்ணுக்குக் கண் எண்ணிப் புது நக்‌ஷா எழுதிச் சுவரில் மாட்டினார். பன்னிரண்டு பேர் பிழைப்பும் நிலைத்தது. மற்றவர்கள் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினார்கள். வேம்புலியம்மாள் அந்தச் சுவரைப் பார்த்தாள். தன் கை செய்ததே தனக்கு நக்‌ஷாவாக வந்து நின்றது. நாற்பது தடவை அதே ஆட்டுப் பாதையா? அவளுக்கு அங்கேயே காது சுட்டது.

வீடு திரும்பும் வழியில், ஏரிக்கரையில் பாதி தூரம் வந்தவள் திடீரென்று நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

“இன்னாடி, பேய் கீய் புடிச்சிதா?” என்றாள் பூங்காவனம்.

“மாத்திப் போட்டா அவுங்கோ எப்டிடி கண்டுபுடிப்பாங்கோ? அதான் கண்ணுக்கே தெரியாதே!”

நாற்பது வலையும் நாற்பது விதமாகப் பின்னினார்கள். ஒன்றில் நசரத்பேட்டை ரஸ்தாவின் ஓரம், ஒன்றில் பூந்தமல்லிப் பூந்தோட்டத்து வாய்க்கால், ஒன்றில் மழை நின்ற மறுநாள் ஏரிக்கரை. கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் கந்தல், மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் தரை. சுவரில் இருந்த நக்‌ஷாவைக் கோதண்டம் வாரம் ஒருமுறை துடைத்து வைத்தார். அவருக்கு அதன் பேரில் தலைமை மேஸ்திரி உத்தியோகமும் கிடைத்தது. வேம்புலியம்மாள் அந்த இரண்டரை வருஷமும் நன்றாகச் சாப்பிட்டாள். ஆனால் ஒரு விஷயம் மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தைக் கடக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பாள். முழி ரெண்டும் சரியாக வந்ததா?

சண்டை முடிந்தது. வலைகளைச் சுருட்டி எங்கோ ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெண்ணாட்களை வேலையிலிருந்து நிறுத்தும் நாளன்றே துரைக்கும் ஊருக்குப் போகிற நாளாக அமைந்தது. ஜீப்பில் பெட்டியெல்லாம் ஏற்றியாயிற்று. வேம்புலியம்மாள் கோதண்டத்தின் முன்னால் போய் நின்றாள்.

“மேஸ்திரி, ஒங்கள நான் ஒண்ணும் கேட்டதில்ல. அன்னிக்குக் கேட்டனே, அத்த மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ. அந்தப் பூதத்த முழுசாப் பாத்தவரு அவரு ஒருத்தர்தான்.”

கோதண்டத்துக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார். சொந்தச் சரக்கு எதுவும் சேர்க்காமல் அவள் கேட்டதைக் கேட்டார். துரை முதலில் விழித்தார். பிறகு கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் நினைத்ததுபோல் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் நன்றாக யோசித்து, ஒரு வேலையைப் பற்றி வேலை தெரிந்தவரிடம் சொல்லுகிற மாதிரி, அவள் இருந்த பக்கம் பார்த்து நிதானமாக இரண்டு வார்த்தை சொன்னார். ஜீப் கிளம்பியது.

கோதண்டம் மூச்சு வாங்க வந்தார். “நல்லாத்தான் இருந்திச்சாம். இடது முழிதான் ரவ பெருசாம்.”

“நெனச்சேன்!” என்றாள் வேம்புலியம்மாள். இரண்டரை வருஷ உறுத்தல் ஒரு நொடியில் விட்டது. ஒரு நொடிதான். “இடதுன்னா யாருக்கு இடது மேஸ்திரி? அவருக்கு இடதா, பூதத்துக்கு இடதா?”

கோதண்டம் வாசலைப் பார்த்தார். அங்கே புழுதி மட்டும் இருந்தது. “அத்த நான் கேக்கலியேம்மே,” என்றார்.

வீட்டுக்கு வந்து முந்தானையைச் சொருகிக்கொண்டு நேரே சாணிக் கூடையிடம்தான் போனாள். சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பூதம் தட்டினாள். ஒன்றுக்கு இடது முழி பெரிது, இன்னொன்றுக்கு வலது முழி பெரிது. வண்டியை அவிழ்த்துவிட்டு வந்த துலுக்கானம் பின்னால் நின்று பார்த்தான். நாளையிலிருந்து கூலியும் இல்லை. இவளோ கன்னத்தில் சாணியோடு, கண் பளபளக்க, சுவரை விட்டுத் தள்ளிப் போய்ப் போய்ப் பார்க்கிறாள்.

“இன்னாமே, வேல போன சோகமே இல்லியா உனுக்கு?”

அவள் காதில் விழவில்லை. இரண்டு பூதத்தையும் வழித்தெடுத்துக் கூடையில் போட்டு, தண்ணீர் தெளித்து, மறுபடி பிசையத் தொடங்கினாள்.

“அந்தாண்ட தள்ளி நில்லுய்யா,” என்றாள். “செவுத்து மேல நெழலு வுழுது.”